பாட்டே இல்லாத திகில் படம்!

கடைசியில் தூக்கிவாரிப் போடும் படம் என்றால் எனக்கு உசுரு. அதில் என்னைப் பொறுத்தவரை மன்னன், வீணை எஸ்.பாலசந்தர்தான். 1927-ல் பிறந்தவர். குருவே இல்லாமல் வீணை பழகி, 1982-ல் பத்மபூஷண் வாங்கியவர். 1954-ல் ஏவி.எம். தயாரிப்பில் 'அந்த நாள்' எடுத்தார். ஒரு பாட்டுகூட கிடையாது. ஆரம்பத்திலேயே சிவாஜியைச் சுட்டுவிடுவார்கள்! கொன்றது யார் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வந்த புதிதில் சரியாக ஓடவில்லையாம். பாட்டில்லாமல் நம்ம ஜனங்க உட்காருவாங்களா? கணவனா, நாடா என்று வந்தபோது பண்டரிபாய் நாட்டின் பக்கம் நின்றது சரியா என்று எங்கள் அக்கம்பக்கத்தில் பெரிய சண்டையே நடக்கும். சரிதான் என்பது என் கட்சி. பிறகு 'பொம்மை', 'நடு இரவில்' எடுத்தார். அப்புறம் முழுக்க வீணைதான். 1990 ஏப்ரல் 13-ல் காலமானார். 'அந்த நாள்' வெளியானதும் ஓர் ஏப்ரல் 13-தான்!

- ஒரு வாசகி, செம்மேடு, கொல்லிமலை.