புரொக்டர் சித்தி லெப்பை

பாடசாலை நாட்களில் நமக்கு அவர் ஒற்றை வரி விடை. இலங்கையின் முதல் தமிழ் நாவலை எழுதியவர் யார்? சித்தி லெப்பை, அசன்பேயுடைய கதை, 1885. எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம்.

1838இல் கண்டியில் பிறந்தவர். தந்தையாரைப் போலவே சட்டம் படித்துப் புரொக்டரானார். மாநகர சபையிலும் அங்கம் வகித்தார். அத்தோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மிஷன் பாடசாலைக்குப் போனால் பிள்ளைகள் மார்க்கத்தை விட்டுவிடுவார்கள் என்று நம்மவர்கள் அஞ்சிய காலம் அது. அப்படியானால் பாடசாலையை நாமே கட்டுவோம் என்பதுதான் அவருடைய வழி. 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1884இல் கொழும்பில் திறந்த பாடசாலை நிலைக்கவில்லை. மனம் தளராமல், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கிருந்த ஒராபி பாஷாவும் கொடைவள்ளல் வாப்பிச்சி மரிக்காரும் துணைநிற்க, 1892இல் மறுபடியும் தொடங்கினார். அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. கிளினிக் முடிந்தால் நேரமில்லை என்று கூட்டங்களுக்குப் போகாத நமக்கு இதை எழுதவே சற்று வெட்கமாயிருக்கிறது.

கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை திறந்தார். இது நம் வினாத்தாள் எதிலும் வரவில்லை.

1898இல் அவர் வபாத்தானார். அதற்கு முப்பது, நாற்பது வருடம் பிந்திப் பிறந்த உம்மம்மாமார் கல்முனையில் இன்றும் நம் கிளினிக்குக்கு வருகிறார்கள். சத்திரசிகிச்சைப் படிவத்தை நீட்டினால் சிலர் பேனையை வாங்குவதில்லை, பெருவிரலைத்தான் நீட்டுகிறார்கள். கூட வரும் பேத்தி நம் கல்லூரிச் சீருடையில் நிற்கிறாள். படிவத்தை அவள்தான் வாசித்துக் காட்டுகிறாள்.