கேமரா வர்றதுக்கு முன்னாடி ஒரு ராஜா

போன செமஸ்டர் லீவுல திருவையாறு பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். வாய்க்கால் ஓரத்துல, சேத்துல இருந்து நாலு இலை விரிச்சு நின்ன ஒரு சின்னச் செடி. மொபைல்ல மேக்ரோ கிளிப் மாட்டி நாற்பது போட்டோ எடுத்தேன். அப்பாயிகிட்ட காட்டினா, ஆராக்கீரை, சர்க்கரைக்கு நல்லதுன்னு சொல்லிட்டு அது வேலையைப் பார்க்கப் போயிடுச்சு.

அப்புறம் தேடிப் பார்த்தப்பதான் தெரிஞ்சது, ஆராக்கீரை ஒரு பெரணி. பூ கிடையாது, விதை கிடையாது. ஸ்போர் எல்லாம் காம்போட அடியில, மண்ணை ஒட்டி, பயறு மாதிரி ஒரு கூட்டுக்குள்ள இருக்கும். வயல் காய்ஞ்சு வெடிச்சாலும் அந்தக் கூடு பல வருஷம் தாங்கும். அந்தச் செடியோட முக்கியமான சமாச்சாரமே அதுதான். என் நாற்பது போட்டோவுல ஒண்ணுலகூட அது இல்லை!

இந்தக் கடுப்போட சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்துக்குப் போனப்பதான் சரபோஜி மன்னரை வேற மாதிரி பார்க்க ஆரம்பிச்சேன்.

நூலகத்துக்கே பேர் கொடுத்தவர் என்பதால் இரண்டாம் சரபோஜியைத் தஞ்சாவூர்க்காரங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா அவர் கதை சுகமா ஆரம்பிக்கலை. 1777-இல் பிறந்தவர். பிள்ளை இல்லாத துளஜா மன்னர் 1787-இல் சாகும் தறுவாயில் அவரைத் தத்தெடுத்தார். அப்போ வயசு பத்துகூட நிரம்பலை. அரியணையில் உட்கார்ந்ததோ துளஜாவின் சகோதரர் அமர்சிங். பையன் காவலுக்குள்ள அடைபட்டுக் கிடந்தான். ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் விடாமல் முயற்சி செய்து அவனைச் சென்னைக்குக் கொண்டுபோனார். அங்கே கெரிக் என்ற இன்னொரு பாதிரியாரிடம் ஆங்கிலமும் அறிவியலும் படித்தான். 1798 பிப்ரவரியில் ஸ்வார்ட்ஸ் இறந்தார். நாலே மாசம் கழித்து, ஜூனில், சரபோஜி மன்னரானார். பட்டாபிஷேகத்தை அந்தப் பெரியவர் பார்க்கலை.

பார்த்திருந்தாலும் அடுத்த வருஷம் வருத்தப்பட்டிருப்பார். 1799 ஒப்பந்தத்தில் நாட்டின் நிர்வாகம் முழுக்கக் கம்பெனி கைக்குப் போனது. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்ச இடமும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், ஆண்டுக்கு ஒரு லட்சம் பகோடாவும். காவிரிக் கழனிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியுது, ஆனா ஆள முடியாது. வயசு 22. நம்மில் சிலர் அரியர் எழுதிக்கிட்டிருக்கிற வயசு.

ஆளத்தான் முடியாது, பதிவு செய்யலாமே! மீதி 30 சொச்சம் வருஷமும் அவர் பிடிவாதமாகச் செய்த வேலை அதுதான். கோட்டைக்குள் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ ஆய்வு நிலையம். மூலிகைகள், பறவைகள், விலங்குகள் எல்லாவற்றையும் ஓவியர்களை வைத்து, நேரில் பார்த்தபடி வண்ணத்தில் வரைய வைத்தார். ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? பறித்துக் காயவைத்த செடியில் நிறம் நிக்காது. மழைக்கு முளைப்பது கோடையில் கிடைக்காது. ஒரு ஓவியர் நினைத்தால் வேர், இலை, பூ, காய் என வேறவேற மாசத்தில் பார்த்ததை ஒரே தாளில் கொண்டுவர முடியும். ஒரே க்ளிக்கில் கேமராவால் முடியாத வேலை. என் போட்டோவுக்கும் அந்த ஓவியத்துக்கும் வித்தியாசம் அங்கேதான்.

இது தனியாக முளைத்த ஆசையும் இல்லை. பக்கத்தில் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி. செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-லேயே அங்கே வந்து இறங்கியவர். அவருக்குப் பின் ராட்லர் போன்ற பாதிரிமார்களும் சோழமண்டலக் கரையில் செடி சேகரித்தார்கள். 1826-இல் தஞ்சைக்கு வந்த கல்கத்தா பிஷப் ஹீபர், லின்னேயஸும் லவாய்சியரும் மன்னர் பேச்சில் சரளமாக வருவதைக் கேட்டு வியந்து எழுதினார். (பாவம், அடுத்த சில நாளிலேயே திருச்சியில் குளிக்கப்போன இடத்தில் இறந்துபோனார்.)

சும்மா இருந்த ராஜாவின் பொழுதுபோக்குன்னு இதைத் தள்ளிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைச்சேன். கண் நோயாளிகளின் குறிப்புகளைப் படிச்சதும் மாத்திக்கிட்டேன். வந்தவர் யார், கண்ணில் என்ன கோளாறு, என்ன சிகிச்சை என்று எழுதி, அந்தக் கண்ணையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். செடிக்குக் காட்டிய அதே கவனம். இன்றைய கேஸ் ஷீட்டுக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

அவர் செய்ததெல்லாம் எனக்குப் பிடிக்கும்னு இல்லை. நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததற்குக் கடற்கரையில் மனோராவைக் கட்டியது இன்னைக்கும் உறுத்துது. ஆனா ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் கட்டியவரும் அவர்தான். 1820-இல் காசி யாத்திரை போனபோதும் ஓவியரை விடலை, அங்கிருந்த படித்துறைகளை வரைய வைத்தார். வாங்கிய ஆங்கிலப் புத்தகங்களில் தன் கையெழுத்தைப் போட்டு வைத்தார். 4000-க்கும் மேல் சேர்ந்தன. தஞ்சை ரெசிடென்ட்டாக இருந்த டாரினுக்கு அவர் அனுப்பிய இயற்கை ஓவியங்கள் இப்போ லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கு.

1832 மார்ச்சில் சரபோஜி மறைந்தார். புகைப்படம் என்ற கண்டுபிடிப்பு உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். ஏழே வருஷத்தில் தவறவிட்டார்! மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, மிச்சமிருந்த கோட்டையையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. நூலகம் மட்டும் தப்பித்து, 1918-இல் பொதுமக்களுக்குத் திறந்தது.

1858-இல் சென்னை அரசின் போட்டோகிராஃபர் ஒருவர் பெரிய கேமராவோடு தஞ்சைக்கு வந்து பெரிய கோயிலைப் படம் எடுத்தார். அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். ஆமாம், அதே லின்னேயஸ்தான் பெயரில். மெழுகு பூசிய காகித நெகட்டிவ். ஒரு படத்துக்கு ரொம்ப நேரம் லென்ஸைத் திறந்து வைக்கணும். கல் கோபுரம் அசையாமல் நிக்கும், மரத்தின் இலை நிக்குமா? மேகமும் இலையும் சரியாக விழாத நெகட்டிவ்களில், அவர் தூரிகையை எடுத்து அவற்றைக் கையாலேயே தீட்டிச் சேர்த்தார்.