பனித்தளத்தில் ஒரு பெயர்

உல்ரிக் சால்க்கோவ் 1877ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் பிறந்து, சுவீடன் நாட்டு வீரராகப் புகழெய்தியவர். பனிச்சறுக்கு நடனத்தில் 1901 முதல் 1905 வரையும் 1907 முதல் 1911 வரையும் பத்து முறை உலக வாகையர் பட்டம் அவரைச் சேர்ந்தது. இடைப்பட்ட 1906இல் போட்டி மியூனிக் நகரில் நடைபெற்றது. அங்கு ஜெர்மானிய வீரர் கில்பர்ட் ஃபுக்ஸ் களமிறங்க, நடுவர்கள் நடுநிலை தவறுவர் என ஐயுற்ற சால்க்கோவ் பங்கேற்கவில்லை.

1902ஆம் ஆண்டுப் போட்டி நின்று நோக்கத்தக்கது. இலண்டனில் நடந்த அப்போட்டியில் மாட்ஜ் சையர்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி ஆடவரோடு போட்டியிட்டார். பெண்களைத் தடுக்கும் விதி அப்போது இல்லை; ஒரு பெண் வந்து நிற்பாள் என எவரும் எண்ணாததே காரணம். சையர்ஸ் சால்க்கோவுக்கு அடுத்த இடத்தைப் பெற்றார். சால்க்கோவ் தம் பதக்கத்தை அவருக்கே அளித்தார் என்பர். அதன்பின் பெண்களுக்குத் தடை வந்தது. மகளிர்க்கெனத் தனிப்போட்டி 1906இல்தான் தொடங்கியது.

1908 இலண்டன் ஒலிம்பிக்கில் சால்க்கோவ் தங்கம் வென்றார். ஆயினும் நடுவர்கள் ஒருதலைச் சார்புடையோர் எனக் கூறி, உருசிய வீரர் பானின் பாதியில் விலகினார். அன்று சால்க்கோவ் கொண்ட ஐயம், இன்று அவர் வெற்றியின்மீதே படிந்தது.

மறு ஆண்டு அவர் புதியதொரு தாவலை நிகழ்த்தினார். ஒரு காலின் உள்விளிம்பில் பின்னோக்கிச் சறுக்கி, மறுகாலை வீசி எழுந்து, காற்றில் சுழன்று, வீசிய காலின் வெளிவிளிம்பில் இறங்குவது அது. அத்தாவலுக்கு இன்றும் சால்க்கோவ் என்பதே பெயர்.