பிடி அரிசிப் பள்ளியின் மாணவர்

உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். பானை நிறைந்ததும் அந்த அரிசி பள்ளிக்கூடத்துக்குப் போகும். விருதுநகரில் அந்நாளில் இருந்த வழக்கம் இது. அதோடு வியாபாரிகள் மகமைப் பணமும் கொடுத்தார்கள். ஊரார் கொடுத்ததில் நடந்த அந்தப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு இலவசம்.

அதுதான் சத்திரிய வித்யாசாலை. அங்கே படித்த ஒரு சிறுவன்தான் பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான காமராஜர்.

நின்றுபோன படிப்பு

காமராஜர் 1903 ஜூலை 15-ல் பிறந்தார். தந்தை குமாரசாமி, தேங்காய் வியாபாரி. தாயார் சிவகாமி அம்மாள். பையனுக்கு ஆறு வயதிருக்கும்போது தந்தை காலமானார். குடும்பம் தத்தளித்தது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

பிறகு காங்கிரஸ் தொண்டரானார். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். மொத்தத்தில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறைவாசம். திருமணமே செய்துகொள்ளவில்லை.

1954 ஏப்ரல் 13-ல் அவர் முதலமைச்சரானார்.

பசியும் பாடமும்

கிராமம்தோறும் பள்ளிக்கூடம் திறக்க ஏற்பாடு செய்தார். ஆனால், பள்ளிக்கூடம் இருந்தால் மட்டும் போதுமா? காலையில் பழைய சோறும் கிடைக்காத பிள்ளை எப்படிப் பாடம் படிக்கும்? மாடு மேய்க்கப் போனாலாவது ஒரு வேளைக் கஞ்சி கிடைக்குமே என்று பெற்றோர் நினைத்தார்கள்.

பிள்ளைக்கு மதியச் சோறு போட்டால் பள்ளிக்கு வரும் என்று காமராஜர் கண்டார். அரசாங்கத்திடம் அதற்குப் போதிய பணம் இல்லை. அவர் தயங்கவில்லை, மக்களிடம் போனார்.

1956-ல் எட்டயபுரத்தில் பகல் உணவுத் திட்டம் தொடங்கியது. இதற்காக ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுக்கவும் தயார் என்று முதலமைச்சரே அறிவித்தார். அன்று கல்வித் துறைக்குத் தலைமை வகித்த நெ. து. சுந்தரவடிவேலு, அவருக்கு வலது கையாக இருந்தார்.

ஊரார் முன்வந்தார்கள். சிலர் நெல் அளந்தார்கள். சிலர் காய்கறியும் விறகும் கொடுத்தார்கள். பின்னர் அரசாங்கமும் பங்கு கொடுத்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்றால், அரசாங்கம் 6 காசு. ஊரார் 4 காசு. பிடி அரிசிப் பானை நாடெங்கும் நிறைந்தது என்றே சொல்லலாம்.

பள்ளிச் சீரமைப்பு

சோற்றோடு ஊரார் நின்றுவிடவில்லை. 1958-ல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் மாநாடுகள் நடந்தன.

மாநாட்டுக்கு முன்பே ஆசிரியரும் ஊராரும் கூடி, பள்ளிக்கு என்னென்ன குறை என்று பட்டியல் போடுவார்கள். கரும்பலகை இல்லையா? ஒருவர் வாங்கித் தருவார். தண்ணீர்ப் பானை, கடிகாரம், பெஞ்சு, கூரைக்கு ஓடு என்று ஆளுக்கு ஒன்றை ஏற்பார்கள். வசதி உள்ளவர் நிலமே எழுதிக் கொடுப்பார்.

தாம் கொடுத்த பெஞ்சில் தம் ஊர்ப் பிள்ளை உட்கார்ந்து படிப்பதைப் பார்த்தவர்களுக்கு, அது அரசாங்கப் பள்ளியாகத் தோன்றவில்லை. தங்கள் பள்ளியாகத் தோன்றியது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. மழை பொய்த்த ஊரில் கொடுக்கும் கையும் வற்றிவிடும். கொடுக்க ஆளில்லாத ஊரிலும் பிள்ளைக்குப் பசிக்குமே!

திருச்சியில் எரிந்த அடுப்பு

1963 அக்டோபர் 2-ல், கட்சிப் பணிக்காகக் காமராஜர் முதலமைச்சர் பதவியைத் துறந்தார். 1975-ல் அதே அக்டோபர் 2-ல் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.

சில ஆண்டுகள் சென்றன. 1982 ஜூலை 1-ல், திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஊரார் தந்தாலும் தராவிட்டாலும் பிள்ளைக்குச் சோறு உண்டு என்று ஆயிற்று. முழுச் செலவையும் அரசாங்கமே ஏற்றது.

அந்த அடுப்பில் பொங்கியது அரசாங்கத்தின் அரிசி. ஆனால் வழி காட்டியது, விருதுநகர்த் தாய்மார்கள் தங்கள் உலையிலிருந்து எடுத்து வைத்த கைப்பிடி அரிசி!