திருவிடைமருதூர் சகாராம ராவ்

சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகக் காவிரிக்கரைக்குச் செல்லும் இரயில் பாதையில், கும்பகோணத்துக்குச் சற்று முன்னால் வருவது திருவிடைமருதூர். கோட்டுவாத்தியம் மறுபிறவி எடுத்தது அவ்வூரில்தான். அங்கே சீனிவாச ராவ் என்பார் தம்புராத் தந்திகளின்மீது மரக்கட்டையை நகர்த்தி வாசித்துப் பார்த்தார். அம்முயற்சியைக் கச்சேரி மேடைக்குரிய கலையாக வளர்த்தவர் அவர் மகன் சகாராம ராவ்.

வீணையின் தோற்றம்தான், ஆனால் மெட்டுகள் கிடையா. வலக்கை விரல்கள் மீட்ட, இடக்கை வழவழப்பான உருட்டுக் கட்டையைத் தந்திகளின்மேல் இழுத்துச் செல்லும். சுரத்தானத்துக்குச் செவி ஒன்றே வழிகாட்டி. மயிரிழை பிசகினாலும் அபசுரம். கட்டை வழுக்கும் சுகத்தில் மயங்கிவிட்டாலோ இராகமே கரைந்துபோகும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், 1903 வாக்கில், டட்வைலர் இரயில் நிலையத்தில் கறுப்பினக் கலைஞர் ஒருவர் கிதார்த் தந்திமேல் கத்தியை அழுத்தி வாசித்ததைக் கேட்டு டபிள்யூ. சி. ஹேண்டி வியந்தார். அம்மண்ணின் சார்லி பேட்டன் (மறைவு 1934) கிதாரைத் தலைக்குப் பின்னால் பிடித்தும் வாசித்துக் கூட்டத்தைக் கிறங்கடித்தார். கோட்டுவாத்தியமோ தரையில் கிடப்பது. அந்த வித்தைகளுக்கு இடமே இல்லை. சகாராம ராவ் கமகத்தை நம்பியே சபையைக் கவர வேண்டியிருந்தது.

வாய்ப்பாட்டுக்காரரான செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) இளமையில் இவரிடம் பாடம் கேட்டதற்கு அதுவே காரணம் போலும். முரண்டு பிடித்த குரலைச் சாதகத்தால் வசப்படுத்தியவர், இழைந்தோடும் பிடிகளைத் தந்தியிடம் கற்றதில் வியப்பில்லை. மற்றொரு சீடர் நாராயண ஐயங்கார், வாத்தியத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் தாங்கினார். அவர் பேரர் ரவிகிரண் காலத்தில் அது சித்திரவீணை என்ற பழம்பெயரால் வழங்கலாயிற்று.