ஆறு புள்ளிகளில் அறிவுக் கண்!
பார்வையற்றோருக்கு எழுத்து தந்த லூயி பிரெயில்

பிரான்ஸ் நாட்டில் கூப்வ்ரே என்று ஒரு கிராமம். அங்கே குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ந் தேதி அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவன்தான் லூயி பிரெயில்.

மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடினான். தோலைத் துளைக்கும் குத்தூசியை எடுத்தான். ஊசி நழுவிக் கண்ணில் பாய்ந்தது! புண் புரையோடி, மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதில் இரு கண்களும் போயின.

ஊர் கைவிடவில்லை

அந்தக் காலத்தில் பார்வை இழந்த ஏழைகளில் பலருக்குப் பிச்சைதான் பிழைப்பு. ஆனால் கூப்வ்ரே ஊரார் லூயியை ஒதுக்கவில்லை. பாதிரியார் பாடம் சொன்னார். ஆசிரியர் மற்றப் பிள்ளைகளோடு அவனையும் உட்கார வைத்தார். 1819ல் பாரீஸ் நகரப் பார்வையற்றோர் பள்ளியில் இடம் கிடைத்தது.

அங்கே புத்தகங்கள் உண்டு. புடைத்த பெரிய எழுத்துக்களைத் தடவிப் படிக்க வேண்டும். படிப்பதோ கடினம். எழுதவோ முடியாது!

பார்பியே என்ற ராணுவ அதிகாரி, இருட்டிலும் படிக்க 12 புள்ளி முறை ஒன்றை வகுத்திருந்தார். அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அதை ஆறு புள்ளியாகச் சுருக்கினான். 63 குறிகள் கிடைத்தன. எழுத்து, எண், இசை எல்லாம் அதில் அடங்கின. அப்போது அவனுக்கு வயது 15!

தடை வந்தது

லூயி அதே பள்ளியில் ஆசிரியரானார். 1829ல் தம் முறையை நூலாக வெளியிட்டார். ஆனால் 1840ல் வந்த புதிய தலைமை அதிகாரி அந்த எழுத்தைத் தடுத்தார். மாணவர்கள் விடவில்லை, மறைவாக எழுதினார்கள். 1844ல் தடை தளர்ந்தது.

1852 ஜனவரி 6ந் தேதி காசநோயால் லூயி இறந்தார். வயது 43. இரண்டு ஆண்டு கழித்தே பிரான்ஸ் அந்த எழுத்தை ஏற்றது. 1952ல் அவர் உடலைப் பாரீசில் பெரியோர் நினைவிடத்துக்குக் கொண்டு சென்றார்கள். கைகளின் எலும்புகளை மட்டும் சொந்த ஊரே வைத்துக்கொண்டது.

நம் ஊரில்

அந்த ஆறு புள்ளிகள் தமிழும் பேசுகின்றன. அயனம்பாக்கத்துக்கு அருகே பூந்தமல்லியில் பார்வையற்றோர் அரசுப் பள்ளி இருக்கிறது. ஓட்டுப் பதிவு இயந்திரத்திலும் பிரெயில் எண்கள் உண்டு.

2025ல் தமிழகச் சட்டசபை சட்டத் திருத்தங்கள் செய்தது. மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர் ஆகலாம். நகராட்சி மன்றத்தில் பார்வையற்ற ஒருவர் அமர்ந்தால், கூட்டப் பொருள் பட்டியலை அவர் படிக்க வேண்டாமா? நாற்காலி மட்டும் கொடுத்தால் போதாது. பட்டியலைப் பிரெயிலிலும் தர வேண்டும்.

ஒரு சிறுவனைப் பள்ளியில் உட்கார வைத்தது ஒரு சிறு கிராமம். அதன் பலன் உலகுக்கே கிடைத்தது!