குறளைக் காத்த குடும்பத்தின் பேரன்: அயோத்திதாசரும் மதிப்பின் அரசியலும்

திண்டுக்கல்லிலிருந்து புறப்படும் அரசுப் பேருந்துகளில் குறள் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். பிறப்பின் பெயரால் உயர்வு தாழ்வு கற்பிப்பதை மறுத்த நூல் அது. அப்பேருந்துகள் சென்றடையும் பல சிற்றூர்களில் ஊரும் சேரியும் இன்றும் தனித்தனியே கிடக்கின்றன. போற்றும் அறத்துக்கும் வாழும் வாழ்வுக்கும் இடையிலான இந்த இடைவெளியை வாழ்நாளெல்லாம் கேள்விக்குட்படுத்தியவர் பண்டிதர் அயோத்திதாசர்.

1845 மே 20 அன்று பிறந்த அவரது இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வியளித்த ஆசிரியரின் பெயரையே பின்னர் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பணியாற்றியவர். தம் வீட்டிலிருந்த குறள் ஏட்டுச்சுவடியை அவர் ஒப்படைத்தார் என்றும், அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்று அச்சேற வழி பிறந்தது என்றும் அயோத்திதாசர் எழுதியுள்ளார். தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட குடும்பம் ஒன்று, தமிழரின் பெருநூலைக் காத்து வந்திருக்கிறது. அறிவு எவருடைய தனியுடைமை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமோ?

சித்த மருத்துவராக வாழ்ந்த அவர், 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்டோரின் ஆலய நுழைவுரிமையை எழுப்பினார். சிவனும் விட்டுணுவும் உங்களுக்குரிய தெய்வங்கள் அல்லர் என்ற பொருளில் மறுமொழி வந்தது. அவர் இறைஞ்சவில்லை, அத்தெய்வங்கள் எங்களுக்கும் வேண்டாம், எம் பிள்ளைகளுக்குக் கல்வியும் எம் மக்களுக்குத் தரிசு நிலமும் தாருங்கள் என்று கோரிக்கையை மாற்றி வைத்தார். மதிப்பு என்பது கருணையால் கிடைப்பதன்று, உரிமையால் நிலைப்பது என்ற தெளிவை அங்கே காண்கிறோம்.

1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார்; சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அது 'தமிழன்' ஆயிற்று. வரலாறு, மருத்துவம், அரசியல், இலக்கியம் அனைத்தையும் அதில் எழுதினார். பாட்டனார் காத்த குறளுக்குப் பேரன் பௌத்த நோக்கில் உரை வரைந்தார். அவ்வுரை முற்றுப்பெறும் முன்பே, 1914 மே 5 அன்று மறைந்தார்.

அவரைத் தொழுவது நம் பணியன்று. அருந்ததியர் உள்ளிட்ட சில சமூகத்தாரைத் தம் மீட்பு வரலாற்றுக்கு வெளியே நிறுத்தியே அவர் எழுதினார். அருந்ததியர் பெருந்திரளாக வாழும் திண்டுக்கல் சமவெளியில் இருந்துகொண்டு இதை நாம் மறைத்துப் பேச இயலாது. 2009இல் தமிழ்நாட்டில் சட்டமான 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை ஒடுக்கப்பட்டோருள்ளேயே சிலர் எதிர்த்தபோது, அதே எல்லைக்கோடு மீண்டும் தலைகாட்டியது. பிறர் நம்மை இழிவுபடுத்தும்போது கொதிக்கும் மனம், நாம் பிறரை ஒதுக்கும்போது அமைதி கொள்வது மனித இயல்பின் பழைய பலவீனம். மாமனிதர்களும் அதற்கு விலக்கல்லர்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாற்றை ஐயுற்று, மூலத்தைத் தேடி, தம் சொந்த அறிவால் வாசித்தவர் அயோத்திதாசர். அதே துணிவோடு அவரையும் வாசிப்பதே நாம் அவருக்குச் செலுத்தும் மரியாதை.